புத்தகப் படம் போட்ட சுவர்

என் பெயர் குண்டூசி. வயது இருபத்து மூன்று. இப்போது இருக்குமிடம், சுவருக்குத் தாள் ஒட்டுகிற மேஸ்திரியின் வேனுக்குள், பசை வாளிகளுக்கு நடுவில். சிரிக்காதீர்கள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எந்த ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாலும் பெயர், வயது, இருக்குமிடம் என்றுதான் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். வாய்க்குப் பழகிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரைச் சொன்னால் யாரோ என்று நினைத்துவிடுவீர்கள் என்பதால் வீட்டுப் பெயரைச் சொன்னேன்.

கை முழுக்கப் பசை. அதனால் வாயால் சொல்லிப் போனை எழுதவைக்கிறேன். நாம் பேசுகிற மாதிரியே பேசினால் இது கண்டபடி எழுதித் தள்ளுகிறது. ஆகவே செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசுகிறேன். வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிற மேஸ்திரி எட்டிப் பார்த்து, "என்னடா, தேர்தல்ல நிக்கப்போறியா?" என்கிறார்.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள். மகளை, நம் வாயாடியை, உங்களிடம் அனுப்பிவிடுகிறேன், அங்கேயே படிக்கட்டும் என்பாள். ஏன் என்று கேட்டால், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். பொய். அந்தப் பிள்ளைக்குக் குளிர் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது, கன்னமெல்லாம் சதை வைத்துவிட்டது. நிஜக் காரணம் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஓர் அறை. அந்த அறை போய்விட்டது. அக்கா இதை உங்களிடம் சொல்ல மாட்டாள், சொன்னால் நீங்கள் பயப்படுவீர்களாம். அவள் பயப்படுவது போதாதா? நான் சொல்கிறேன்.

அக்கா வேலை செய்கிற லாண்டரிக்கு ஓட்டல் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அவளுக்கு இஸ்திரி இயந்திரத்தில் வேலை. ஒரு முனையை அவள் பிடிக்க, இன்னொரு முனையை இன்னொருத்தி பிடிக்க, விரிப்பை உருளைக்குள் இழுத்துக் கொடுக்க வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் வரிசை முழுக்க நின்றுவிடும். பள்ளிக்கூடம் மதியத்துக்கு மேல் விட்டுவிடுகிறது, அக்கா வெளியே வர இருட்டத் தொடங்கிவிடும். அத்தான் வேறு ஊரில் கப்பல் கட்டுகிற இடத்தில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார், வந்து தூங்குவார். நான் மேஸ்திரியோடு எந்தத் தெருவில் இருப்பேன் என்று காலையில் எனக்கே தெரியாது. பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டால் இங்கே யாராவது புகார் கொடுத்துவிடுவார்கள், ஆள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அக்காவுக்குத் தூக்கத்தில்கூடப் பயம்.

ஆக, பள்ளி விட்டதிலிருந்து அக்கா வருகிற வரை வாயாடி இருந்தது பள்ளிக்கூட நூலகத்தில். லாண்டரி, ஓட்டல் சமையலறை, ஆஸ்பத்திரித் தரை என்று வேலை செய்கிற நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள் எல்லாமே அங்கேதான். பெரிய அறை ஒன்றும் இல்லை. இரண்டு ஜன்னல், தாழ்வான மேசைகள், ஜன்னலோரம் மட்டும் தேய்ந்துபோன தரைவிரிப்பு. கர்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிற ஒரு நூலகர் அம்மா. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளைகளை யாரும் எழுப்பி விரட்டியதும் இல்லை.

நம் வீட்டில் வாயை மூடு, வாயை மூடு என்று ஆளுக்கு ஆள் கெஞ்சுவோமே, அந்த வாயாடி இங்கே வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வந்த புதிதில் ஏதோ சொல்லப் போய் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு பூட்டு. வாத்தியார் அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது கேட்குமா என்றே கேட்டார். நூலகத்தில்தான் அவள் திரும்ப மனுஷியானாள். எலும்புக்கூடுகளைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம் அங்கே இருந்தது. மீன் எலும்பு, வௌவால் எலும்பு, குதிரை எலும்பு. அதைப் படித்துவிட்டு வந்து சாயங்காலம் என் முதுகில் விரலால் எண்ணுவாள்.

"மாமா, உன் கழுத்துலயும் ஏழு எலும்புதான், ஒட்டகச்சிவிங்கி கழுத்துலயும் ஏழு எலும்புதான். ஆனா பாரு, அது எங்க, நீ எங்க!"

இந்த ஊர் மொழியை அவள் கற்றுக்கொண்டது அந்த எலும்புகளிடமிருந்துதான்.

போன மாதம் மேஸ்திரிக்கு ஒரு வேலை வந்தது. ஏதோ பள்ளிக்கூடமாம், ஓர் அறைக்கு வால்பேப்பர் ஒட்ட வேண்டுமாம். தாளை அவர்களே வாங்கி அனுப்பிவிட்டார்கள். வேனில் வைத்துச் சுருளைப் பிரித்தோம். பார்த்தால், தாள் முழுக்கப் புத்தகப் படம். மர அலமாரி, அதில் வரிசையாகப் பச்சை, சிவப்பு, பழுப்பு அட்டைகள், தங்கக் கோடுகள். எந்தப் புத்தகத்துக்கும் பெயர் இல்லை.

மேஸ்திரி சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் பெயர் இல்லை.

"தூசு தட்ட வேண்டாம், எலி கடிக்காது, எவனும் இரவல் கேக்க மாட்டான்," என்றார். "மகராசனுக்கு என்ன மூளைடா!"

நானும் சிரித்தேன். வேன் போய் நின்றது வாயாடியின் பள்ளி வாசலில். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஆபீசுக்குச் சுவராக இருக்கும் என்று நினைத்தேன். எங்களைக் கூட்டிப்போய் நிறுத்தியது நூலகத்தில்.

அந்தப் பள்ளியின் நிர்வாகிக்கு மேஸ்திரி அன்றே "செண்ட்டு" என்று பெயர் வைத்துவிட்டார். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். பளபளவென்று ஷூ, பற்களும் அதே மாதிரி. பள்ளிக்கு மேலிடத்திலிருந்து வருகிற பணத்தை வெட்டிவிட்டார்களாம், எதையாவது மூடித்தான் ஆக வேண்டுமாம். மூடுவதைக்கூட அழகாகச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அலமாரிகளை எடுத்துவிட்டு, சோபா போட்டு, நன்கொடை தருகிற விருந்தாளிகளை உட்காரவைக்கிற கூடமாக மாற்றப் போகிறார்.

"படிக்கிற சூழல் மட்டும் போயிடக் கூடாது, அதான் இந்த டிசைன்," என்று தாளைத் தடவிக் காட்டினார். "உள்ள வர்றவங்களுக்கு அறிவு மணக்கணும்."

"மணக்குதுடா, மூக்கைப் பிடிச்சுக்கோ," என்று மேஸ்திரி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி நம் மொழியில் சொன்னார்.

நான் பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "அப்ப இங்க வர்ற பிள்ளைங்க?"

"எந்தப் பிள்ளைங்க? யாரும் படிக்கறதே இல்லையே. இந்த வாரம் கணக்கெடுப்பு நடக்குது. முடியறதுக்காகத்தான் காத்திருக்கோம், நீங்க அளவெடுத்து வெச்சிடுங்க."

கணக்கெடுப்பு என்றால் என்ன என்று அவரே விளக்கினார். சாயங்காலம் மேசைமேல் கிடக்கிற புத்தகங்களை எண்ணுவார்களாம். படித்தவன் மேசையிலேயே விட்டுப் போவான், ஆகவே மேசையில் கிடந்தால் படித்த புத்தகம், அலமாரியில் இருந்தால் படிக்காத புத்தகம். நூலகங்களில் அப்படி எண்ணுகிற வழக்கம் உண்டாம். "இந்த ரூம்ல தினமும் மேசை காலி. நக்கிவிட்ட தட்டு மாதிரி!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வீட்டுக்கு யாராவது எடுத்துப் போகிறார்களா என்று கேட்டேன். அதற்கு வீட்டு முகவரிக்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டுமாம், இந்தப் பிள்ளைகள் கொண்டுவருவதில்லையாம். எப்படிக் கொண்டுவருவது? நாங்கள் இருப்பதே இன்னொருவர் பெயரில் இருக்கிற வீட்டின் உள்ளறை.

தினமும் ஓர் அறை நிறையப் பிள்ளைகள் படிக்கிறார்கள், மேசை எப்படிக் காலியாக இருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் வாயாடியிடம் கேட்டேன். படித்த புத்தகத்தை என்ன செய்வாய்?

"எடுத்த இடத்துலயே வெச்சிடுவேன்."

"மேசையில வெக்க மாட்டியா?"

"உனக்கு அறிவில்லையா மாமா? போட்டது போட்டபடி வர்றதுக்கு அது என்ன நம்ம வீடா?"

"மேசையிலயே விட்டுட்டுப் போங்கன்னு சுவத்துல பலகை தொங்குதே, படிக்கலையா?"

"படிச்சேனே. அது இங்கயே பொறந்த பிள்ளைங்களுக்கு. நமக்கில்ல."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தெரியும்ல?"

மற்ற பிள்ளைகளும் அப்படியேதானாம். கிளம்புவதற்கு முன்னால் நாற்காலியைக்கூட உள்ளே தள்ளிவிட்டு, மேசையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத்தான் வருவார்களாம்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, "நான்தான் சொல்லிக் குடுத்தேன். அதுல என்ன தப்பு?" என்றாள். "வந்த இடத்துல நம்மளால யாருக்கும் ஒரு வேலை வைக்கக் கூடாது. நாம வந்துட்டுப் போனதே தெரியக் கூடாது."

"தெரியாமத்தான்க்கா போச்சு."

விஷயத்தைச் சொன்னேன். புரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரையும் திட்டவில்லை. அந்த அறை போனால் பிள்ளையை எங்கே வைப்பது என்று விரல்விட்டு யோசித்தாள். லாண்டரிக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் குடிப்பார். முடிவில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த ரூம் போச்சுன்னா இவளை அம்மாகிட்ட அனுப்பிட வேண்டியதுதான். வேற என்ன வழி இருக்கு?"

வாயாடி பென்சில் கடிப்பதை நிறுத்தினாள். "எத்தனை நாளைக்கும்மா?"

அக்கா மடித்த சட்டையையே உதறித் திரும்ப மடித்தாள்.

மறுநாள் தாள் மாதிரியைச் சுவரில் வைத்துப் பார்க்கிற சாக்கில் நூலகர் அம்மாவிடம் பேசினேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "தலை தலையா அடிச்சுக்கிட்டேன். மேசையில வைங்கன்னா எல்லாம் தலையாட்டும். நான் திரும்பறதுக்குள்ள அலமாரியில இருக்கும். அதுவும் நான் அடுக்கறதைவிட ஒழுங்கா."

"நீங்களே எடுத்து மேசையில வெச்சிட்டா?"

"பொய்க் கணக்குக் காட்டினேன்னு என்னையும் சேர்த்துத் தூக்கிடுவாங்க. ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். பிள்ளைங்க உட்கார்ந்து படிக்கறதைக் கண்ணால வந்து பாருங்கன்னேன். பிள்ளைங்களை எண்ணறது முறையில இல்லையாம்." மூக்கைத் துடைத்தார். "நாளைக்குக் கடைசி நாள்."

அம்மா, நம் அக்காவை உங்களுக்குத் தெரியும். தெருவில் நடந்தால் நிழலைக்கூட ஓரமாகக் கூட்டிக்கொண்டு போகிறவள். நான் இதைச் சொன்னதும், அவள் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லாண்டரியின் நீலக் கோட்டோடு பள்ளி வாசலுக்கு ஓடிவந்தாள். தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை எல்லாரையும் கம்பி வேலியோரமாகக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இன்றைக்கு ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பி வைக்காதீர்கள். படியுங்கள், அங்கேயே விடுங்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஓர் அம்மாவும் அப்போது வந்திருந்தாள். அவளுக்குச் சந்தேகம்.

"அப்புறம் இதே பழக்கமாயிடுச்சுன்னா? வீட்டுலயும் போட்டது போட்டபடி கிடக்குமே!"

"கிடக்கட்டும் தாயே," என்றாள் அக்கா. "நான் வந்து எடுத்து வைக்கறேன்."

சாயங்காலம் சுவரில் குறி போடுவதற்காக நானும் மேஸ்திரியும் நூலகத்தில் இருந்தோம். கண்கொள்ளாக் காட்சி. எல்லா மேசையிலும் புத்தகம். ஆனால் ஒன்றுகூடக் கலைந்து கிடக்கவில்லை. பெரியது அடியில், சின்னது மேலே, ஓரம் ஓரமாகச் சேர்த்து, செங்கல் அடுக்கின மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் கலைச்சுப் போடுடி," என்றேன் வாயாடியிடம்.

"கை வரல மாமா."

வாசனை வந்தது. பின்னாலேயே செண்ட்டு வந்தார், எண்ணுவதற்கு ஆபீஸ் பெண் ஒருத்தியோடு. வாசலிலேயே முகம் சுளித்தார். "என்ன இது, சந்தைக்கடை மாதிரி?" அந்தப் பெண் எண்ணினாள். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆனது. நூலகர் அம்மா கர்சீப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். எண்ணிக்கையைக் கேட்டதும் செண்ட்டு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எல்லா நாளும் காலி, இன்னைக்கு மட்டும் மலை. அப்படின்னா இது வழக்கமான நாள் இல்ல. வழக்கமில்லாத நாளைக் கணக்குல சேர்க்கக் கூடாது. எடுத்துடு."

அந்தப் பெண் எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். காலி என்றால் யாரும் படிக்கவில்லை. நிறைந்தால் கணக்கிலேயே இல்லை. இப்படி ஒரு தராசை நான் எந்த மோசடிக் கடையிலும் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரி என் காலை மிதித்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள், நான் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அவர் கையெழுத்தில்தான் தொங்குகிறது. வாயை மூடினேன்.

அப்போது பேசியது வாயாடி. வகுப்பில் காது கேட்குமா என்று சந்தேகப்பட வைத்த பிள்ளை, இந்த ஊர் மொழியில், தடுமாறாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாங்க தினமும் படிக்கறோம். தினமும் எடுத்த இடத்துல வெச்சிடறோம். உங்களுக்கு வேலை வைக்கக் கூடாதுன்னுதான் வெச்சோம். இந்த ரூமை மூடிட்டா எங்க அம்மா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க."

மேஸ்திரி என் காலிலிருந்து தன் காலை எடுத்தார். நான் நினைத்தேன், கல் மனசாக இருந்தாலும் இதற்குக் கரையும் என்று.

செண்ட்டு குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். பிறகு ஆபீஸ் பெண்ணிடம் திரும்பினார்.

"பார்த்தியா, எவ்வளவு அழகாப் பேசுது! வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. இதெல்லாம் நம்ம பள்ளியோட வெற்றி. ஒரு படம் எடு, ஒரு படம் எடு."

அவள் தோளில் கை போட்டு நின்றுகொண்டார். பின்னால் அலமாரி தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், அம்மா. அழுகின முட்டையை உடைத்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். இதற்கு எதைப் பொத்துவது? அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்பது அந்த ஆள் காதில் விழவே இல்லை. எவ்வளவு நன்றாகச் சொன்னது என்பது மட்டும்தான் விழுந்திருக்கிறது.

படம் மறுநாளே பள்ளியின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. அக்காவிடம் காட்டினேன். முதலில் பெரிதாக்கிப் பார்த்து, "நல்லா விழுந்திருக்கா, இல்ல?" என்றாள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அலமாரிகளைக் கழற்றினார்கள். புத்தகங்களைப் படி வழியாகத் தூக்கிப் போவது சிரமம் என்று ஜன்னலுக்குக் கீழே ஓர் இரும்புத் தொட்டியை நிறுத்தி மேலேயிருந்து கொட்டினார்கள். நிறையப் பக்கம் இருக்கிற புத்தகம் விழுந்தால் ஆள் விழுந்த மாதிரி சத்தம் கேட்கிறது. தொட்டிக்குள் ஒருவன் நின்றுகொண்டு, காகித ஆலை கெட்டி அட்டையை எடுத்துக்கொள்ளாது என்று அட்டையை மட்டும் பிய்த்து எறிந்துகொண்டிருந்தான். பாட்டுக் கேட்டபடியே செய்தான். அவனுக்கு அது கீரை ஆய்கிற மாதிரி. இறங்கிப் போய் எலும்புப் புத்தகத்தைத் தேடினேன். அட்டை கிடைத்தது. உள்ளே இருந்தது எந்தக் குவியலில் போனதோ.

பிறகு நாங்கள் ஒட்டினோம். கோணலாக ஒட்டியிருக்கலாம், குமிழி விட்டிருக்கலாம். ஆனால் கோணினால் மேஸ்திரி பிரித்து ஒட்டச் சொல்வார், கூலியிலும் கை வைப்பார். அதனால் ஒழுங்காகவே ஒட்டினேன். ஒரு சுருளின் பச்சைப் புத்தகம் அடுத்த சுருளின் பச்சைப் புத்தகத்தோடு மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. தூரிகையால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்றினேன். வேலை நன்றாக வந்திருக்கிறது என்று செண்ட்டு என் முதுகில் தட்டினார். அந்தச் சட்டையை இரண்டு தடவை துவைத்துவிட்டேன், இன்னும் அந்த வாசனை போகவில்லை.

சோபா வந்த அன்றே விருந்தாளிகளும் வந்தார்கள். மிச்சத் தாளைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர்களில் ஒருவர் சுவருக்குப் பக்கத்தில் போய், படத்தில் இருக்கிற புத்தகத்தை உருவுகிற மாதிரி விரலை வைத்துப் போஸ் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். "நல்ல வாசகர் நீங்க!" என்றார் செண்ட்டு. தூ! துப்பக்கூட இடமில்லாமல் விரிப்பு போட்டிருந்தார்கள்.

பள்ளி விட்டதும் வாயாடி பழக்க தோஷத்தில் பையோடு வந்து வாசலில் நின்றாள். காவலாளி, விருந்தாளிகளுக்கு மட்டும் என்றான். அவள் அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா, அதே பச்சைப் புத்தகம் திரும்பத் திரும்ப வருது," என்றாள் நம் மொழியில். "இது எந்த முட்டாளோட அலமாரி?"

விருந்தாளிகளுக்கு அது புரியவில்லை. அவர்களைப் பார்த்து ஏதோ வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து ஒருவர் கையசைத்தார்.

அன்றைக்கு இருட்டுகிற வரை அவளை இந்த வேனுக்குள் உட்காரவைத்தேன். பசை நெடியில் தலைவலி வந்து வாந்தி எடுத்துவிட்டாள். அக்கா வந்து பார்த்தாள். பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள், என்னைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள், அதுவரை லாண்டரியில் சம்பளமில்லாத லீவு போட்டிருக்கிறாள். அதிலிருந்து வாயாடி வீட்டிலும் பேசுவதைக் குறைத்துவிட்டாள். என் முதுகு எலும்பை யாரும் எண்ணுவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரத்துப் பொது நூலகம் ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உட்கார்ந்து படிக்க முகவரி கேட்பதில்லை. சூடான அறை, பெரிய மேசைகள். ஒரே நிபந்தனை, சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். நான் பெரியவன்தானே? அப்படித்தான் இங்கே எல்லாத் தாளிலும் எழுதியிருக்கிறது. மேஸ்திரியிடம் நேற்று கேட்டேன். பள்ளி விடுகிற நேரத்துக்கு என்னை விட முடியுமா, அதற்குப் பதில் விடியும் முன்பே வந்துவிடுகிறேன் என்று. எச்சிலைத் துப்பிவிட்டு யோசித்தார்.

"கையில இருக்கிற வேலை முடியட்டும், அடுத்த மாசத்துலேருந்து போ. உன் மருமகளுக்காக இல்ல. மதியத்துக்கு மேல நீ வேலை செய்யற லட்சணம் எனக்குத் தெரியும்."

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஒரு வாரம் கூட்டிட்டுப் போவ. அப்புறம் மேஸ்திரி ஒரு போன் போட்டா ஓடிடுவ. அந்த ஆள் மனசு மாறினா பிள்ளை நடுத்தெருவுல நிக்கும்," என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேஸ்திரி மனசு மாறாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையை அவள் அம்மாவிடமிருந்து பிரித்து விமானத்தில் ஏற்றினால், செண்ட்டு ஒட்டச் சொன்ன தாளுக்கு நான் கடைசித் துண்டையும் ஒட்டின மாதிரி. அதற்கு என் கை வராது.

இந்த மாதம் மட்டும்தான் இடைவெளி. ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற அந்த அம்மாவுக்கு இப்போது காலை வேலை. இந்த மாதம் சாயங்காலங்களில் தன் பிள்ளையோடு வாயாடியையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதையும் அக்கா ஏற்க மாட்டேன் என்கிறாள், யாருக்கும் நம்மால் ஒரு வேலை வைக்கக் கூடாதாம். இன்னும் அந்தப் பாட்டுதான்! நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாள். முடியாது என்று சொன்னால், வேறு வழியில்லாமல் அந்த அம்மாவிடம் விடுவாள், அப்புறம் என்னிடம் விடுவாள்.

அம்மா, பேத்தி வருகிறாள் என்று கேட்டதும் உங்களுக்கு வாய் நிறையச் சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியும். அப்பா உடனே கட்டிலை நகர்த்த ஆரம்பித்துவிடுவார். அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி என்று சொல்லுங்கள், வீட்டில் வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லுங்கள், எதைச் சொன்னாலும் சரி. அக்கா அழுதாலும் இளகிவிடாதீர்கள்.

இதை வீட்டில் முதலில் திறக்கிறவர் யாராக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அக்கா கேட்டால், "இப்ப வேண்டாம், பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லச் சொல்லுங்கள்.